கண்ணாடிப் பெட்டிக்குள் வியர்த்த சட்டை

இந்தக் கதையை நான் பல ஆண்டுகளாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்திருப்பது சந்தேகம் தீர்ந்ததால் அல்ல. அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் போனதால். எனக்கு இதைச் சொன்னவர் ஜெபராணி. செங்கழியில் இருக்கும் எழுத்தாளர் தவசிமுத்து நினைவில்லத்தில், வருகிறவர்களைச் சுற்றிக்காட்டி விளக்கம் சொல்லும் வேலை பார்த்தவர். தவசிமுத்துவின் முன்பல் எப்படி விழுந்தது என்று கேட்டால், தொழிற்சங்கத்துக்காரர்களிடம் போலீஸ் தடியடியில் என்பார், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் புத்தகம் படித்துக்கொண்டே நடந்து வாய்க்காலில் விழுந்ததில் என்பார், புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்களிடம் கடலை மிட்டாய் கடித்ததில் என்பார். நான் ஒருமுறை நேராகக் கேட்டபோது, "கேக்கிறவங்க மூஞ்சியப் பாத்துத்தான சார் சொல்ல முடியும்" என்றார். ஆனால் சட்டைக் கதையை மட்டும் அவர் யாரிடமும் மாற்றிச் சொன்னதில்லை. ஊரில் மீன் விற்கிறவரிடம் கேட்டேன், சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன், கோயில் பூசாரியிடமும் பங்குச் சாமியாரிடமும் கேட்டேன். எல்லோரும் அதே கதையை, அதே இடத்தில் சிரித்து, அதே இடத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அதனாலேயே என் சந்தேகம் கூடியது.

செங்கழி உப்பளத்து ஊர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் பாத்திகள், பாத்திகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்கள், அவற்றுக்கு நடுவே வீடுகள். குடிக்கிற தண்ணீர் லாரியில்தான் வரும். அதற்கு அங்கே நல்ல தண்ணி என்று பெயர். மற்றத் தண்ணீரெல்லாம் கெட்டது என்று யாரும் சொல்வதில்லை, அது தொழில் தண்ணீர். அந்த ஊரில் பிறந்து, அந்த ஊரைப் பற்றியே எழுதி, நாடு முழுக்கப் பெயர் வாங்கியவர் தவசிமுத்து. அவருடைய பெரிய நாவல் 'நாலாம் வாறல்'. வாறல் என்றால் பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரிச் சேர்ப்பது. அதில் தலைச்சுமையாய் உப்பு சுமக்கும் ஒரு பெண்ணின் முதுகைப் பற்றி ஒரு பக்கம் வரும். வெயிலில் வியர்வை காய்ந்து, அவள் சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடுகள் எழுந்து, கோடுகள் கூடிக் கரையாகி, கரைகள் கூடித் தீவாகி, கடைசியில் ஒரு கடலே வற்றிக் கிடப்பதாக முடியும் அந்தப் பக்கத்தைப் பாடப்புத்தகத்தில் வைத்திருந்ததால், தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தாண்டிய யாருக்கும் அது மனப்பாடம்.

அவர் இறந்தபின் வீட்டை அரசு வாங்கி நினைவில்லமாக்கியது. இரண்டு அறை, ஒரு கூடம். நாற்காலி, மூக்குக் கண்ணாடி, பேனா, அரிக்கேன் விளக்கு, ஒரு தூக்குவாளி. கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள், நீலக் கோடு போட்ட ஒரு முழுக்கைச் சட்டை. அவருடைய புகழ்பெற்ற புகைப்படத்தில், மேடையில் கையை உயர்த்தி நிற்கும் படத்தில், அவர் போட்டிருப்பது அந்தச் சட்டைதான். படத்தில் அக்குளிலிருந்து இடுப்புவரை சட்டை நனைந்து கறுத்திருக்கும். அந்த ஈரத்தைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆவேசத்தின் ஈரம் என்றார் ஒருவர். உள்ளே எரிந்தது வெளியே வடிந்தது என்றார் இன்னொருவர். பெட்டிக்கு முன்னால் ஒரு அட்டை: 'எழுத்தாளர் தவசிமுத்து அணிந்த சட்டை. தொடாதீர்கள்.'

ஆடி மாதத்தில் அவர் பிறந்தநாள் வரும். காலையில் மாலை போடுவது, பிறகு மாணவர் பேச்சுப் போட்டி, மதியம் சாப்பாடு, மாலையில் கவியரங்கம். மற்ற நாட்களில் சனிக்கிழமை தோறும் வாசிப்பு நடக்கும். ஜெபராணி நாவலிலிருந்து சில பக்கங்கள் வாசிப்பார், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் மின்விசிறிக்காக வந்து உட்கார்ந்து தூங்குவார். இவ்வளவுதான் நினைவில்லம். இப்படியே இன்னும் நூறு வருடம் ஓடியிருக்கும்.

அந்த ஆடியில் பேச்சுப் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, ஒரு மாணவி, எல்லா மாணவிகளும் செய்வதுபோல வலது கையை வானத்துக்கும் இடது கையை நெஞ்சுக்கும் கொண்டுபோய், முதுகுப் பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, கண்ணாடிப் பெட்டியின் உள்பக்கம் மூச்சு பட்டது போல மங்கியது. ஜெபராணி போய்ப் பார்த்தார். சட்டையின் அக்குள் நனைந்திருந்தது. அவர் முதலில் கூரையைப் பார்த்தார், அது ஒழுகவில்லை, ஆடியில் செங்கழியில் மழையும் கிடையாது. பிறகு பல்பின் சூட்டில் ஏதோ ஆகிறது என்று எண்ணி விளக்கை அணைத்தார். மதியம் சாப்பாடு பரிமாறும் நேரத்தில் முதுகும் நனைந்தது, சாயங்காலம் கவியரங்கத்தில் மூன்றாவது கவிஞர் எழுந்தபோது சட்டை காய்ந்துவிட்டது, காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடுகள் இருந்தன.

மறுநாள் விடிந்ததும் மறுபடி வியர்த்தது. அதற்கடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமை வியர்க்கவில்லை. திங்கட்கிழமை அளத்துக்கு ஆட்கள் இறங்குகிற நேரத்தில் தொடங்கி, அவர்கள் கரையேறுகிற நேரத்தில் நின்றது. சட்டைக்கு வேலை நாள் தெரிந்திருக்கிறது என்று ஊர் அதைப் பேசியது, யாரோ தூரத்துச் சொந்தக்காரன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதுபோல, சேர்ந்தது நல்லது என்ற அளவில்.

பூசாரி வந்து திருநீறு வைத்துப் பார்த்தார். பங்குச் சாமியார் வந்து கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இது எங்கள் கணக்கிலும் வராது என்று சொல்லிப் போனார். சங்கத்துக்காரர்கள் தோழர் இறந்தும் உழைக்கிறார் என்று சுவரொட்டி அடித்தார்கள். ஒரு பேராசிரியர் வந்து பஞ்சால் ஒற்றி எடுத்துக்கொண்டு போய், வியர்வைதான் என்று சொல்லி அனுப்பினார். யாருடையது என்று கேட்டதற்கு அது தன் துறை இல்லை என்றாராம். பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் வந்தார்கள், நீர்ச்சுருக்கு உள்ளவர்கள் வந்தார்கள், சோடாக் கடைக்காரர் இரண்டாவது பெஞ்சு வாங்கிப் போட்டார்.

ஆனால் உப்பளத்துப் பெண்களுக்கு இருந்த கவலை வேறு. அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வியர்த்த சட்டையை அன்றைக்கே நல்ல தண்ணியில் அலசாவிட்டால், உப்பு நூலைத் தின்றுவிடும். அந்த ஊரில் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுத்தான் பாத்திக்குள் இறங்குவார்கள், ஆகவே சட்டை என்பது அவர்களுக்கு ஒரு கருவி, மண்வெட்டிக்குக் காம்பு இருப்பது போல. அவர்கள் நான்கைந்து பேர் கரையேறி நேராக நினைவில்லத்துக்கு வந்து, பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஜெபராணி தொடக்கூடாது என்று எழுதியிருப்பதைக் காட்டினார். உடுத்துற சட்டையைத் தொடாமல் எப்படித் துவைப்பது என்று அவர்கள் கேட்டார்கள். உடுத்துவது யார் என்று ஜெபராணி கேட்கவில்லை. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

அப்படித் தொடங்கியது தண்ணி முறை. ஒரு நாளைக்கு ஒரு வீடு ஒரு குடம் நல்ல தண்ணி கொண்டுவர வேண்டும். லாரி வராத நாளில் குடிக்கிறதில் குறைத்துக் கொண்டுவந்தார்கள். முறை தவறிப்போனதற்காக வடக்குத் தெருவும் பள்ளித் தெருவும் ஒருமாதம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தன. எங்கள் முறையை அவள் எப்படி எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் சண்டையே தவிர, எதற்காக முறை என்று இரண்டு தெருவும் கேட்கவில்லை. ஐப்பசி கார்த்திகையில் மழை வந்து அளம் முடங்கியபோது சட்டையும் காய்ந்து கிடந்தது. முடிந்தது கூத்து என்று சிலர் சொன்னார்கள். தையில் பாத்தி மிதிக்கத் தொடங்கிய அன்று அது மறுபடி நனைந்தது.

சட்டையை அலச வருகிறவர்களுக்கு வசதியாக ஜெபராணி சனிக்கிழமை வாசிப்பைச் சாயங்காலத்துக்கு மாற்றினார். அவர்கள் பின்கட்டில் அலசுவார்கள், இவர் வாசற்படியில் உட்கார்ந்து நாவலை வாசிப்பார். தபால்காரர் தூங்குவதை விட்டுவிட்டார், ஏனென்றால் அந்தப் பெண்கள் வாசிக்க விட மாட்டார்கள். கங்காணி வருகிற இடத்தில் திட்டுவார்கள், நாலாம் வாறலில் உப்பு இறங்குகிற நேரத்தை எழுத்தாளர் தப்பாகப் போட்டிருக்கிறார் என்று ஒருத்தி சொன்னால், அந்த வருசம் வெயில் அப்படி என்று இன்னொருத்தி அவருக்காகப் பேசுவாள். ஒரு சனிக்கிழமை முதுகுப் பக்கம் வந்தது. வாசித்து முடித்ததும் மரியபுஷ்பம் என்கிற வயதான பெண்மணி, ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணுக்குப் பெயர் என்ன என்று கேட்டார்.

நாவலில் அவளுக்குப் பெயர் இல்லை. அவள் என்றுதான் வருகிறது என்றார் ஜெபராணி.

"இம்புட்டு முதுக எழுதிட்டு ஒரு பேரு வைக்கலயா?" என்றார் மரியபுஷ்பம். அப்புறம் கையிலிருந்ததை விரித்துப் பார்த்தார். "ஏட்டி, இது மாடத்தி சட்டைல்லா."

மாடத்தி தவசிமுத்துவின் மனைவி. பிள்ளை இல்லை. அவருக்கு முன்பே இறந்துபோனவர். அந்த வீட்டில் மாடத்தியின் படம் ஒன்றுகூடக் கிடையாது, எடுத்திருந்தால்தானே மாட்ட. மரியபுஷ்பம் அவரோடு ஒரே வரிசையில் உப்பு சுமந்தவர். சிரிப்பு வந்துவிட்டதால் அவர் சொன்னது துண்டு துண்டாகத்தான் வந்தது. சட்டை மாடத்தி சந்தையில் தனக்காக எடுத்தது, அளத்துக்குப் போட்டுப்போக. அதில் பை பெரிதாக இருந்ததால், பேனா நிற்கும் என்று தவசிமுத்துவுக்கு ஆசை. கூட்டம் இருக்கிற நாளில், பெண்டாட்டி கரையேறி வருகிறாளா என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அவள் வந்து சட்டையைக் கழற்றி உப்பை உதறிக் கொடுப்பாள், அப்படியே போட்டுக்கொண்டு ஓடுவார். ஒருமுறை மதுரைப் பக்கம் ஏதோ பெரிய கூட்டத்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தப் படம்தான் இந்தப் படம்.

பின்கட்டில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்நாடே ஆவேசம் என்று நம்பிய ஈரம் பஸ்ஸில் காயாமல் போன ஈரம். ஜெபராணிதான் சிரிக்கவில்லை. அவர் பிறந்தது பக்கத்து வீட்டில். மாடத்தி தினமும் அந்தச் சட்டையோடு போவதைச் சிறுபிள்ளையாகப் பார்த்தவர், அந்தச் சட்டைக்கு முன்னால் நின்றுகொண்டு இத்தனை வருடம் வேறு ஒருவர் பெயரைச் சொல்லியிருக்கிறார். தெரியாமல் சொல்லவில்லை, அப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை என்றார் என்னிடம். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எப்படி யாருக்கும் தோன்றாமல் இருந்தது என்று நான் கேட்டேன். அவர் என்னையே பார்த்தார், என் சட்டையையும் பார்த்ததாக எனக்குப் பட்டது.

அடுத்த வாரம் அட்டையை மாற்றச் சொல்லி மேலே எழுதிப்போட்டார். விசாரிக்க வந்தவர் இணை இயக்குநர் சபாரத்தினம். கெட்ட மனிதர் இல்லை. கல்லூரியில் 'நாலாம் வாறல்' படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர், தவசிமுத்துவின் நூற்றாண்டை நகரத்தில் புதிய அருங்காட்சியகம் திறந்து கொண்டாட வேண்டும் என்று பல மேசைகளுக்கு நடந்தவர். அவர் சட்டையைப் பார்த்தார், அது தினமும் அலசப்படுகிறது என்று கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். துவைக்கத் துவைக்க நூல் தேய்கிறது, இன்னும் இரண்டு வருடம் தாங்காது என்றார். துவைக்காவிட்டால் இரண்டு மாதம் தாங்காது என்றார் ஜெபராணி. அவர் அதைக் கேட்கவில்லை. நினைவில்லத்துப் பொருளை யாரும் தொடக்கூடாது என்பது விதி. பெட்டியைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்து, ஆடியில் நூற்றாண்டு விழா முடிந்ததும் வண்டியில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. அட்டையைப் பற்றிக் கேட்டபோது மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"மாடத்தி அம்மாமேல எனக்கும் மதிப்பு உண்டும்மா. ஆனா இது எழுத்தாளர் நினைவில்லம். அவங்க எழுதலையே."

"எழுதலதான் சார். சுமந்தாங்க."

"அதை அவர் எழுதிட்டார்" என்றார் சபாரத்தினம்.

சித்திரையில் முத்திரை விழுந்தது. முத்திரையை உடைத்தால் வேலை போகும், வழக்கும் வரும் என்று அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

கத்திரி வெயில். அளத்தில் வாறல் மும்முரம். சட்டை பெட்டிக்குள் வியர்த்துக் காய்ந்தது, காய்ந்த இடத்தில் வியர்த்தது, வெள்ளைக் கோடு கரையாகியது, கரை கட்டியாகியது. அலச முடியாமல் பெண்கள் சாயங்காலம் வந்து பெட்டியைச் சுற்றி நின்றார்கள், குடத்தோடு வந்து குடத்தோடு திரும்பினார்கள், அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடிக்க மனம் வராமல் முருங்கைக்கு ஊற்றினார்கள். வைகாசியில் சட்டை விறைத்து, ஆள் உள்ளே இருப்பதுபோல எழுந்து நின்றது. ஆனியில் உப்பு கண்ணாடியின் பாதிவரை வந்துவிட்டது. ஆடி பிறந்தபோது பெட்டிக்குள் சட்டை தெரியவில்லை. ஒரு மூலையில் நீலக் கோட்டின் நுனி மட்டும் தெரிந்தது. சபாரத்தினம் வந்து பார்த்து, ஈரப்பதம் என்று குறித்துக்கொண்டார்.

அந்தப் பெட்டியைப் புகைப்படத்தில் நான் பார்த்திருக்கிறேன். உப்பு இருக்கிறது, நிச்சயமாக. ஆனால் உப்பளத்து ஊரில் உப்புக்கு என்ன பஞ்சம், அரக்கை இளக்கி மறுபடி ஒட்டத் தெரிந்த ஒரு கை போதாதா என்று எனக்குத் தோன்றியது. பிறகு அப்படியே இருந்தாலும், வேலை முடிந்த ஊர் ஒன்று மூன்று மாதம் தினமும் யாருக்கும் தெரியாமல் வந்து, பெயர் இல்லாத ஒருத்திக்காக ஒரு பெட்டியை உப்பால் நிரப்பியது என்பது, சட்டை வியர்த்தது என்பதைவிட எந்த வகையில் நம்பக்கூடியது என்றும் தோன்றியது. இரண்டில் எதை நம்புவது எனக்கு வசதி என்று யோசித்ததும் தூக்கம் போயிற்று.

நூற்றாண்டு விழாவுக்கு அமைச்சர் வந்தார். பந்தல், நாற்காலி, மாலை, கேடயங்கள். முக்கியமானவர்களுக்கென்று அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பாட்டில் தண்ணீர். உப்பளத்துப் பெண்கள் அன்று அளத்திலிருந்து நேராக, சேலைக்கு மேல் சட்டையோடு, முதுகெல்லாம் வெள்ளைக் கோட்டோடு வந்து முன்வரிசைகளில் உட்கார்ந்தார்கள். விருந்தினர்களுக்கு ஒதுக்கியது என்று சொன்ன ஆளிடம், நாங்க சட்டைக்குச் சொந்தக்காரங்க என்றார் மரியபுஷ்பம். பேச்சுப் போட்டியில் முதல் பரிசுக்குத் தேர்ந்தெடுத்திருந்த பெண், வழக்கம்போல முதுகுப் பக்கத்தை ஒப்பித்தாள். கேட்டுக்கொண்டிருந்த முதுகுகள் அசையவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குச் சமைத்தவர்களும் அவர்கள்தான். இலை போட்டு, சோறு, பருப்பு, சாம்பார், அவியல், கூட்டு, ரசம், வடை, பாயசம். அமைச்சர் முதல் வாயிலேயே நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர் சாம்பாரை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அவியலைத் தொட்டவர்கள் ரசத்துக்குப் போனார்கள், ரசத்தைக் குடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எதிலும் உப்பில்லை. ஊறுகாயை முன்யோசனையாக ஒளித்துவைத்திருந்தார்கள். அப்பளத்தை மட்டும் மறந்துவிட்டார்கள், அது கடையில் வாங்கியது. ஆகவே அமைச்சரிலிருந்து ஓட்டுநர்வரை எல்லோரும் அப்பளத்தைக் கேட்கத் தொடங்க, கடைசிப் பந்தியில் அப்பளத்துக்காக இரண்டு பேராசிரியர்கள் உரசிக்கொண்டதாக ஜெபராணி சொன்னார். அந்த இடத்தை மட்டும் அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

உப்பு எங்கே என்று அமைச்சர் கேட்டார். விழாவைத் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்த ஜெபராணி ஒலிபெருக்கியிலேயே பதில் சொன்னார்.

"உப்பு அந்தப் பெட்டிக்குள்ள இருக்குய்யா. மாடத்தி அம்மா பேர எழுதி, முத்திரைய எடுத்து, சட்டைய அலச விட்டா சோத்துக்கு உப்பு வரும்."

அமைச்சர் சிரித்தார். நல்ல கற்பனை என்றார், பரிசீலிக்கச் சொல்கிறேன் என்றார், அப்பளம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். அவரோடு நாற்காலிகளில் பாதி காலியானது. சபாரத்தினம் மட்டும் இலையில் இருந்த எல்லாவற்றையும் பொறுமையாகச் சாப்பிட்டு முடித்து, இலையை மடித்து, கை கழுவிக்கொண்டு வந்து, வண்டியைப் பின்பக்கமாக வரச் சொன்னார். ஜெபராணிக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"சார், நீங்க சோத்துல உப்பு போட்டுத்தான திங்கிறிய?"

"இல்லம்மா" என்றார் அவர் வருத்தத்தோடு. "பிரஷர். டாக்டர் வேண்டாம்னுட்டார். பதினஞ்சு வருசமா இப்படித்தான்."

பெண்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவராலும் முடியவில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே அவர் ஆட்களுக்குக் கையைக் காட்டினார். நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள், அது அசையவில்லை. எட்டுப் பேர் தூக்கினார்கள். வண்டி ஓட்டுநரும் வந்து பிடித்தார். தலைச்சுமைக்கு இவ்வளவு கனக்காதே என்று ஒரு பெண் சொன்னாள். சபாரத்தினம் பெட்டியை இரண்டாகப் பிரித்து ஏற்றலாமா என்று கேட்டார், உள்ளே இருப்பதைக் கொஞ்சம் கொத்தி எடுக்கலாமா என்று ஒரு ஆள் கடப்பாரையைத் தேடிப் போனான்.

கடப்பாரை என்ற சொல்லைக் கேட்டதும் ஜெபராணி மேடைக்கு ஏறினார். அவருக்கு அந்த வேலையைத் தவிர வேறு வருமானம் கிடையாது, கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவர். மேசையில் முதல் பரிசுக்கென்று வைத்திருந்த கேடயத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். மரியபுஷ்பம் அவர் கையைப் பிடித்தார். நான் உடைக்கிறேன் பிள்ள, எனக்கு என்ன வேலையா போகப்போகுது என்றார்.

"இல்ல சித்தி. இத்தனை வருசமா பேரு மாத்திச் சொன்னது என் வாய்" என்றார் ஜெபராணி, கேடயத்தின் முனையை அரக்கில் வைத்துத் தட்டினார்.

முத்திரை தெறித்தது. கதவு திறந்ததும் உப்பு சரிந்து கூடத்தில் இறங்கியது. யாரும் சொல்லாமலே பெண்கள் வாறுபலகைகளை எடுத்துவந்தார்கள். கணுக்கால் உப்பில் நின்றுகொண்டு, பாத்தியில் வாறுவதுபோல, அதே தாளத்தில், கூடத்திலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து தெருவுக்கு வாறினார்கள், தெருவில் ஒரு சின்ன அம்பாரம் எழுந்தது. உள்ளே சட்டை இருந்தது. கிழிந்திருந்தது, ஆனால் இருந்தது. அன்று லாரி வரவில்லை. ஆகவே விருந்தினர்களுக்கென்று வைத்திருந்த பாட்டில்களைத் திறந்து ஊற்றினார்கள், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக. அலசிய தண்ணீர் முதலில் பாலாக ஓடி, பிறகு தெளிந்தது. சபாரத்தினம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையில் இருந்த பாட்டிலை அவர் கொடுத்ததாகச் சிலர் சொல்கிறார்கள். கொடுக்கவில்லை, பிடுங்கினோம் என்கிறார் மரியபுஷ்பம்.

தெருவில் கிடந்த உப்பில் ஒரு பிடி எடுத்து மிஞ்சிய சாம்பாரில் போட்டு, ரசத்தில் போட்டு, ஊர் இரண்டாவது பந்திக்கு உட்கார்ந்தது. வியர்வை உப்பையா சாப்பிட்டீர்கள் என்று நான் முகம் சுளித்தபோது ஜெபராணி சொன்னார்: "நாடு பூரா திங்கிறது அதுதான சார். நாங்க தெரிஞ்சு தின்னோம்."

சபாரத்தினம் தன் கடமைப்படி புகார் எழுதினார். ஜெபராணிக்கு வேலை போயிற்று, வழக்கு நெடுநாள் இழுத்தது. நகரத்து அருங்காட்சியகத்தில், புகைப்படத்தைப் பார்த்துத் தையல்கடையில் தைத்த ஒரு சட்டையை வைத்தார்கள்; அது வியர்ப்பதில்லை. செங்கழிக்குப் புதிய ஆளைப் போட்டார்கள், அவர் ஒரு மாதம் முயன்று பார்த்துவிட்டு ஊரோடு சண்டை போடுவதை நிறுத்தினார். சட்டை இப்போது பெட்டிக்குள் இல்லை. மாடத்தி மாட்டிய ஆணியில், கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கிழிந்த இடத்திலெல்லாம் அவரவர் சட்டையிலிருந்து துணி வெட்டி ஒட்டுப் போட்டிருக்கிறார்கள், நீலக் கோடு எது ஒட்டு எது என்று இனி சொல்ல முடியாது. பக்கத்தில் சிலேட்டில் எழுதியிருக்கிறது: 'மாடத்தியின் சட்டை. கூட்டங்களுக்குத் தவசிமுத்து இரவல் வாங்கிப் போட்டது.' கை பட்டு அழிந்தால் மறுபடி எழுதுகிறார்கள். மேலிடத்திலிருந்து ஆள் வந்து அழித்தால் அன்று சாயங்காலமே எழுதுகிறார்கள்.

நான் அங்கே போவது பேச்சுப் போட்டிக்கு நடுவராக. நூற்றாண்டு விழாவுக்கு அழைப்பு வந்தும் போக முடியாமல், அடுத்த ஆடியில்தான் முதன்முதலாகப் போனேன். அதிலிருந்து வருடா வருடம் போகிறேன். ஒவ்வொரு முறையும் சட்டை காய்ந்திருக்கிறது. இப்போதெல்லாம் பிறந்தநாள் விழாவை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்கிறார்கள், அன்றைக்குத்தான் அளத்தில் லீவு. வேலை நாளில் வந்து பாருங்களேன் என்று ஜெபராணி ஒவ்வொரு தடவையும் சொல்வார். நான் போனதில்லை. பார்த்து, அது வியர்க்காமல் இருந்தால் என்ன செய்வது என்றா, வியர்த்தால் என்ன செய்வது என்றா, எதற்குப் பயந்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

இந்த வருடம் ஒரு புதன்கிழமை போனேன். ஜெபராணி இப்போது அளத்து வேலைக்குப் போகிறார், மதியத்துக்கு மேல் வந்து சம்பளமில்லாமல் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறார். நான் போன நேரம் அவர் கரையேறி வந்துகொண்டிருந்தார். சேலைக்கு மேல் சட்டை, முதுகில் கோடுகள். என்னைப் பார்த்ததும், வேலை நாளிலா வந்திருக்கிறீர்கள் என்று சிரித்து, வாங்க, இப்பத்தான் ஈரமா இருக்கும் என்று கதவைத் திறந்தார். ஆணி இருந்த பக்கம் இருட்டாக இருந்தது. நான் உள்ளே எட்டிப் பார்க்காமல் வாசலிலேயே நின்றேன். கேட்க வந்த கேள்வியை ரயிலில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். நீங்கள் சொன்னதெல்லாம் உண்மைதானா என்ற கேள்வி. அது வாயில் வரவில்லை. அவர் பக்கத்து வீட்டில் பிறந்தவர், சிறுபிள்ளையாக, தவசிமுத்து வீட்டில் துணி துவைக்கிற அந்தப் பின்கட்டை மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தவர் என்பது மட்டும் ஞாபகத்தில் நின்றது.

"ஜெபராணி," என்றேன், "அந்த மனுஷன் ஒரு நாளாவது இந்தச் சட்டையைத் தன் கையால துவைச்சுப் போட்டாரா?"